"றோத்" என்னும் ஆங்கிலச் சொல்லும் ஆசிரியர் கோபமும்

ஆங்கில மொழியிலே கோபத்தைக் குறிக்குஞ் சொற்கள் பல உள. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிறப்புடையன. "அங்கர்" என்பது பழைய நோர்ஸ் மொழியிலே துக்கத்தைக் குறித்து நின்ற சொல். நெருக்குதல், இறுக்குதல் என்னும் பொருளுடைய மிகப் பழைய அடியொன்றினின்றும் அது தோன்றிற்று என்றும், துன்பத்தையும் பாவத்தையுங் குறிக்கும் "அம்ஹஸ்" என்னும் வடசொல்லும் அவ்வடியினதே என்றும் மொழிநூலார் கூறுவர். "றேஜ்" என்பது விசர்நாயின் நோய்க்கு இலத்தீன் மொழியிலே வழங்கிய பெயர் பிரெஞ்சு மொழி வழியாகத் திரிந்து வந்தது. "பியூரி" என்பது உரோமருடைய பழிவாங்குந் தேவதையரின் பெயரோடு தொடர்புடையது. "கொலர்" என்பது பித்தநீர். கோபம் பித்தத்தின் மிகுதியால் உண்டாவதென்று கிரேக்க வைத்தியர் கொண்ட கொள்கையின் எச்சமாக நின்று, இப்பொழுது வழக்கருகிப் போயிற்று.

இவை நிற்க. யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது "றோத்" என்னுஞ் சொல்லை. கடுங்கோபம் என்பது அதன் பொருள். அன்றாடப் பேச்சிலே அருகியும், பழைய நூல்களிலும் கிறிஸ்தவ வேதாகமத்திலும் பெருகியும் வழங்குவது. சைவ வித்தியாசாலையிலே படிப்பிக்கும் ஆசிரியர்க்கு அந்நியமொழிச் சொல்லொன்றின் பிறப்பினால் ஆகும் பயன் என்னையெனின், அதனை அறிந்தவர் பிரம்பை எடுக்குமுன் ஒருமுறை நின்று சிந்திப்பர் என்பது எமது துணிபு. அன்றியும், "கோபமுங் கருணையே" என்று நம்மவர் எடுத்தாளுஞ் சாத்திரப் பொருளொன்று எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதும் இவ்வாராய்ச்சியாற் புலப்படும்.

ஆங்கிலம் படிப்பிப்போர், "றோத்" என்பதை எழுதும்போது முதலெழுத்தாக "டபிள்யூ" எழுதப்படுதலையும், வாசிக்கும்போது அவ்வெழுத்து ஒலியாதொழிதலையும் அறிவர். வாயாற் சொல்லாத எழுத்தைக் கையால் எழுதுவதேன் என்று மாணாக்கர் வினாவுவர்; விடை கூறுவார் சிலரே. பதினேழாம் நூற்றாண்டளவில் ஒலி இழந்த அவ்வெழுத்து, அதற்கு முன் உண்மையாகவே ஒலிக்கப்பட்டது. அவ்வெழுத்தும் "ஆர்" என்னும் எழுத்தும் சேர்ந்து தொடங்குஞ் சொற்களை ஒருங்கு திரட்டிப் பார்க்கின் ஒரு வியப்புத் தோன்றும். "றிங்" என்பது நனைந்த வேட்டியை முறுக்கிப் பிழிதல். "றெஞ்ச்" என்பது திருகி இழுத்தல். "றிங்கிள்" என்பது தோலின் சுருக்கம். "றிஸ்ற்" என்பது மணிக்கட்டு, அஃதாவது கை திரும்புமிடம். "றீத்" என்பது கொடியையும் பூவையும் முறுக்கிக் கட்டிய வளையம். "றைத்" என்பது வேதனையால் உடல் முறுகி நெளிதல். பிழை, அநீதி என்னும் பொருளில் நாடோறும் வழங்கும் "றோங்" என்பதும் வளைந்தது, கோணியது என்னும் பொருளையே முதலிற் கொண்டது. இவையெல்லாம் முறுக்குதல், திருப்புதல் என்னுங் கருத்தைத் தாங்கி நிற்றல் காண்க. "றோத்" என்பதும் இக்குடும்பத்ததே. பழைய ஆங்கிலத்திலே முறுக்குதலைக் குறித்த வினைச்சொல்லோடு உறவுடையதாய், உள்ளம் முறுக்குண்ட நிலையை அது குறித்தது.

ஒரு தடை. அவ்விரண்டெழுத்தாற் றொடங்குஞ் சொற்கள் யாவும் இக்கூட்டத்தன என்று மாணாக்கர்க்குச் சொல்லிவிடலாகாது. எழுதுதலைக் குறிக்கும் "றைற்" என்பது கீறுதல், செதுக்குதல் என்னும் வேறு பொருளினின்றும் வந்தது. மரத்திலும் எலும்பிலும் எழுத்தைக் கீறிய காலத்துச் சொல் அது. ஓலையிலே எழுத்தாணி கொண்டு கீறிய நமக்கு அது விளங்குதற்கு அரிதன்று.

"றோத்" என்பதன் உறவினர் அயல்மொழிகளிலும் உளர். டேனிய மொழியிலே "விறெத்" என்றால் கோபமுடையவன். முறுக்குதலைக் குறிக்கும் வினையின் இறந்தகால வடிவமும் அதுவே. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தருடைய மொழியிலே இச்சொல் "விறேத்" என நின்று கொடியவன் என்னும் பொருளைத் தருகின்றது. கோபம் என்பது ஒரு நாட்டிலே கோபமாகவே நிற்க, மற்றொரு நாட்டிலே கொடுமையாக முதிர்ந்துவிட்டது. இடையிலே உள்ள வழி நெடியதன்று.

இனி, நம் மொழியை நோக்குவாம். கொடுமை என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்க. கொடு என்பதற்கு வளைவு என்பதே பொருள். நேராய் நிற்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் வழக்கும் அவ்வாறே வந்தது. கோடுதல் என்றால் வளைதல். நடுவுநிலை கோடுதல் என்றால் நீதி தவறுதல். ஆகவே, தீமையை வளைவாகக் கண்ட கண் ஆங்கிலேயருடைய முன்னோர்க்கு மாத்திரம் உரியதன்று. ஆயினும் தமிழர் கோபத்துக்கு வைத்த பெயர்கள் வேறு வழியிற் சென்றன. காய்தல், கனலுதல், கொதித்தல் என்று கோபம் நமக்குத் தீயாகவே தோன்றிற்று. கண் சிவத்தல், முகஞ் சிவத்தல் என்பன அதன் குறிகள். கறுப்பு, சிவப்பு என்னுஞ் சொற்கள் நிறத்தைக் குறித்தலன்றி வெகுளியையுங் குறிக்கும் என்பது தொல்காப்பியர் உரியியலிற் காட்டிய விதி. திருவள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்திலே சினத்தைத் தன்னை அடுத்தவரை எரிக்கும் நெருப்பாகவே வைத்துப் பேசினார்.

எபிரேயருடைய வழக்கு இன்னும் வேறு. அவர் மொழியிலே கோபத்துக்குப் பெயர் மூக்கு. சினங்கொண்டவனுடைய மூச்சு விரைவதையும் நாசி விரிவதையுங் கண்டு அப்பெயர் இட்டனர். பொறுமையுள்ளவனை அவர்கள் நீண்ட நாசியுடையவன் என்பர். மூக்குக்கு மேலே கோபம் வருகிறதென்று சொல்லும் நம்மூர்ப் பாட்டிமார் இதனைக் கேட்டால் வியவார்.

இப்பெயர்களுள் எது உண்மையை நன்கு காட்டுகின்றது? தீ என்னும் உவமை பெரியோர் கையாண்டதாதலின் அதனைக் குறைகூற யாம் முற்படேம். ஆனால், அதனைக் கோபிப்பவன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கின்றான். தீ தூயது, பொன்னின் மாசு நீக்குவது, வேள்வியிலும் விளக்கிலும் நின்று வணங்கப்படுவது. "எனக்கு நெருப்புப்போலக் கோபம் வரும்" என்று சொல்லும் ஆசிரியர் அதனை ஒரு குற்றமாகச் சொல்வதில்லை; சற்றுப் பெருமையோடேயே சொல்கின்றார். திருவள்ளுவர் எச்சரிக்கையாகச் சொன்னதை அவர் ஆபரணமாக அணிந்துகொள்கின்றார். "எனக்குக் கோபம் வரும்போது என் மனம் கோணி முறுக்கிக்கொள்ளும்" என்று பெருமையடித்தவரை யாம் இதுகாறுங் கண்டதில்லை. "றோத்" என்னுஞ் சொல்லின் நன்மை இதுவே. அது கோபிப்பவனைப் புகழுதற்கு இடங்கொடாது.

முறுக்குண்பது யாது? முகமும் குரலும் முறுகுதலை யாவருங் காண்பர், அவை பெரியனவல்ல. நியாயம் முறுகுதலே பெரிது. உரோமநாட்டு ஞானியாகிய செனேக்கா, கோபத்தைப் பற்றித் தம் சகோதரனுக்கு எழுதிய மூன்று புத்தகங்களுள் முதலாவதிலே பீசோ என்னுஞ் சேனாபதியின் செயலொன்றைக் கூறுகின்றார். விடுமுறையிற் சென்ற போர்வீரர் இருவருள் ஒருவன் தனியே மீண்டான். தோழன் எங்கேயென்று சேனாபதி கேட்டான். அவனாற் சொல்ல இயலவில்லை. "நீயே அவனைக் கொன்றாய்" என்று சேனாபதி அவனுக்கு மரணதண்டனை விதித்தான். வாள் ஓங்கப்படும் வேளையிலே இறந்தானென்று எண்ணப்பட்ட தோழன் வந்து நின்றான். தண்டனையை நிறைவேற்ற நின்ற நூற்றுவர்தலைவன் வாளை உறையிலிட்டு, இருவரையும் சேனாபதியிடம் அழைத்துச் சென்றான். பாளையம் முழுவதும் மகிழ்ந்தது. சேனாபதியோ சினந்தெழுந்து மூவரையுங் கொல்லச் செய்தான். முதல்வனை, ஏற்கெனவே தீர்ப்பிடப்பட்டவன் என்பதற்காக. தோழனை, முதல்வனுடைய தீர்ப்புக்குக் காரணமாயிருந்தான் என்பதற்காக. நூற்றுவர்தலைவனை, இட்ட கட்டளையை நிறைவேற்றவில்லை என்பதற்காக.

இம்மூன்று காரணங்களையும் ஊன்றிப் பார்க்க. ஒன்றேனும் பைத்தியகாரனுடைய பிதற்றலன்று. ஒவ்வொன்றும் சட்டத்தின் வடிவுடையது. நியாயம் அங்கே எரிந்து சாம்பராய்விடவில்லை. இருந்தபடியே இருந்து, முறுக்கப்பட்ட துணியைப்போல வேறொரு வடிவங்கொண்டது. கோபம் அறிவை அழிக்குமென்று பொதுவாகச் சொல்கின்றோம். அழித்தால் நன்றாயிருக்கும்; கோபித்தவன் பேச்சற்று நிற்பான். அது செய்வதோ அறிவைத் தனக்கு வக்கீலாக அமர்த்திக்கொள்ளுதல்.

இது பழைய உரோமாபுரியோடு முடிந்த கதையன்று. வீட்டுக்கணக்கு எழுதாது வந்த சிறுவன் ஒருவனை நோக்கி ஆசிரியர் சினக்கின்றார். குற்றம் சிறிது, கோபம் பெரிது. அவ்விரண்டையுஞ் சமப்படுத்தக் குற்றத்தை வளர்க்கவேண்டியிருக்கின்றது. "நேற்றும் இப்படித்தான், போன மாதமும் இப்படித்தான், உன் தமையனும் இப்படித்தான்" என்று வரும். பின்பு சிறுவனுடைய மௌனம் அகங்காரம் ஆகின்றது. அழுகை பாசாங்கு ஆகின்றது. அவன் பிள்ளையாயிருத்தலே குற்றமாய் முடிகின்றது. இவ்வளவுக்குங் காரணமான கோபம் காலையிலே வீட்டிலோ கந்தோரிலோ பிறந்ததாயிருத்தலுங் கூடும்.

இனி, "றோத்" என்னுஞ் சொல் கடவுள்மேல் ஏற்றப்பட்டவாற்றை ஆராய்தல் வேண்டும். கிறிஸ்தவ வேதாகமத்திலே எபிரேயச் சொற்கள் சிலவற்றையுங் கிரேக்கச் சொற்கள் சிலவற்றையும் 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இவ்வொரு சொல்லாலே பெயர்த்தனர். கோபத்தைக் குறிக்கும் அக்கிரேக்கச் சொற்களுள் ஒன்று பொங்குதல், பருத்தல் என்பதனோடு உறவுடையது. எபிரேயச் சொல் மூக்கு என்று முன்னர்க் கூறினாம். அவற்றுள் எதிலும் இல்லாத முறுக்கு, இவ்வாறு கடவுளுடைய கோபத்துக்கு ஆங்கிலத்திலே பெயராயிற்று. அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாகாணத்திலுள்ள என்பீல்டு என்னும் ஊரிலே 1741ஆம் ஆண்டு ஜொனதன் எட்வேட்ஸ் செய்த பிரசங்கம் கடவுளின் கோபத்தைப் பற்றியது. கேட்டோர் அஞ்சி அலறினர் என்பது பிரசித்தம். அந்நாட்டுச் சபை மரபிலே வளர்ந்த மிஷனரிமார் 1816ஆம் ஆண்டிலே தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் வந்து அமர்ந்தனர். தமிழ் வேதாகமத்திலே இக்கருத்துக் கோபாக்கினை என்னும் அச்சந்தருஞ் சொல்லாகவும் வழங்குகின்றது. மிஷன் வழிவந்த பாடசாலையிலே கற்றவராதலின் அச்சொல்லின் ஓசை எமக்கு நன்கு பழக்கமானது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரும் பெர்சிவல் பாதிரியாரோடிருந்து, 1850ஆம் ஆண்டில் அச்சாகிய வேதாகம மொழிபெயர்ப்பிலே உழைத்தவர். அந்நூலிலே பலமுறை வரும் இச்சொல்லைத் தமிழாக்குஞ் சுமை அவர் முன்னும் இருந்திருத்தல் வேண்டும்.

கடவுளுக்குக் கோபம் உண்டோ என்பது கிறிஸ்தவருள்ளேயே வாதத்துக்குரிய பொருள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலக்ரான்சியுஸ் என்பவர் கடவுளின் கோபத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். கடவுளுக்குக் கோபமில்லையென்றால் அருளும் இல்லையாகும். நன்மையை விரும்புபவர் தீமையை வெறாதிருத்தல் எங்ஙனம் என்பது அவர் வாதம். இதற்கு மாறாக, 1932ஆம் ஆண்டிலே உரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு விரிவுரை எழுதிய டொட் என்னும் பிரித்தானிய அறிஞர், கடவுளின் கோபம் என்பது கடவுளிடத்து எழும் உணர்ச்சியன்று, பாவம் தன் பயனைத் தானே விளைக்கும் நியதியே அது என்றார். இதனை வாசிக்குஞ் சைவன் வினையை நினையாதிருக்க முடியாது. ஆயினும் வினை சடம். அது தானே வந்து தன் பயனைக் கூட்டமாட்டாது. கூட்டுவிப்பவன் இறைவன் என்பது நம் சித்தாந்தம். ஆகவே டொட் கூறியதனோடு பாதிவழி உடன்செல்லலாம். முழுவழியுஞ் செல்லல் ஆகாது.

மிஷனரிமார் சென்ற நூற்றாண்டுகளிலே நம் சமயத்தை இகழ எடுத்த ஆயுதங்களுள் ஒன்று சிவபெருமானுடைய கோபம். முப்புரம் எரித்தவர், காமனை எரித்தவர், காலனை உதைத்தவர் கடவுளாவரோ என்றனர். கோபாக்கினையைப் பிரசங்கிப்போர் அவ்வாறு வினாவியது விந்தையே. 1854ஆம் ஆண்டிலே வெளிவந்த சைவதூஷணபரிகாரம் இத்தகைய தூஷணங்களைப் பரிகரிக்க எழுந்ததை ஆசிரியர்கள் அறிவர். எதிர்வாதம் நிற்க, இக்கதைகளின் முடிவை நோக்குக. திருக்கடவூரிலே உதையுண்ட காலன் மீள எழுப்பப்பட்டான். திருக்குறுக்கையிலே எரியுண்ட காமன் இரதியின் வேண்டுகோளினால் மீண்டான். முப்புரம் எரிந்தபோது அன்பு பிழையாத மூவர் எரியாது காக்கப்பட்டு இறைவன் பணியிலே வைக்கப்பட்டனர். கயிலையின் கீழ் நெரிந்த இராவணன் பாடிப் பரவி, வாளும் நாளும் பெற்றுச் சென்றான். கோபம் எங்கே தொடங்கிற்றோ அங்கே நின்றுவிடவில்லை. அருளிலே சென்று முடிந்தது. பீசோவின் கோபம் ஒருவனில் தொடங்கி மூவரில் முடிந்தது. இறைவனுடைய கோபமோ தண்டிக்கப்பட்டவனையே உயர்த்தி முடிந்தது. முறுக்கு என்பது நேர்மை கெட்டு நிற்றல். இங்கே கெடுதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நம் சாத்திரங்கள் இறைவனுக்கு ஏற்றிச் சொல்லும் முனிவு "றோத்" அன்று. ஆங்கிலத்திலே சைவப்பொருள் எழுதுவோர் இச்சொல்லை அங்கே இடாதிருத்தல் நன்று. நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர் மறக்கருணை.

இங்கேதான் ஆசிரியர்க்கு இடர் நேர்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியார் சுபக்கத்திலே ஒரு செய்யுள் உண்டு. சொற்கேளாத பிள்ளையைத் தாய் தந்தையர் உறுக்கியும் அடித்துங் கட்டியுந் திருத்துவர்; அதுவும் அன்பே; இறைவனுடைய முனிவும் அத்தகையதே என்பது அதன் கருத்து. ஆசிரியர் பலர் இச்செய்யுளை மனப்பாடமாக அறிவர். பிரம்பைப் பற்றிய பேச்சு எழுந்தபோதெல்லாம் இதனை எடுத்துக்காட்டி, "எமது கோபமும் மறக்கருணை" என்பர். சாத்திரத்தின் துணை கிடைத்தபின் யாவர் மறுப்பார்?

யாம் மறுக்கின்றேம். அச்செய்யுள் இறைவனுடைய செயலை நாம் விளங்கிக்கொள்ளுதற்கு நம் வீட்டு வழக்கொன்றை உவமையாகக் காட்டுகின்றது. உவமையைத் தலைகீழாகப் பிடித்து, இறைவன் முனிவது அருளாதலின் நாம் முனிவதும் அருளே என்று சாதித்தல் தருக்கநூற் பிழை. சந்திரனைப்போல முகம் என்றால், சந்திரனுக்குக் கண்ணும் மூக்கும் உண்டென்பது போதராது. இறைவன் இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன். ஆன்மாக்களாகிய நாமோ ஆணவமலத்தோடு கூடியவர். நம் கோபத்துள் அன்பு எவ்வளவு, ஆணவம் எவ்வளவு என்று பிரித்துக் காணுங் கண்ணையே அம்மலம் மறைத்துநிற்கின்றது. அன்றியும், அச்செய்யுளிலே கூறப்பட்டோர் பெற்றோர். அடித்த கையினாலேயே அன்றிரவு சோறூட்டுபவர். நாற்பது பிள்ளைகளை நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகும் நாம் அவர் நிலையிலே நிற்பவரல்லேம்.

இவ்வளவும் எம்முடைய சொல்லாதலின் ஒருவர் தள்ளிவிடலாம். அச்செய்யுளை அருளியவருடைய வரலாற்றைத் தள்ள முடியாது. அருணந்தியார் முன்னர்ச் சகலாகம பண்டிதர் என்னும் பெயரோடு மாணாக்கர் பலர்க்கு ஆசிரியராய் விளங்கினார் என்பதும், அவர் மாணாக்கர் திருவெண்ணெய்நல்லூரிலே குழந்தையாயிருந்த மெய்கண்டதேவரிடத்துச் சென்று கேட்கத் தொடங்கினர் என்பதும் மரபு. பண்டிதர் அதனைப் பொறாராய், தாமே நேரிற் சென்று நின்று, ஆணவமலத்தின் சொரூபம் யாது என்று வினாவினார். அக்குழந்தை வாய்திறந்து ஒன்றுஞ் சொல்லவில்லை. வினாவி நின்றவரையே அடிமுதல் முடிவரை விரலாற் சுட்டிக்காட்டிற்று. பண்டிதர் அக்கணமே அடிபணிந்து மாணாக்கர் ஆயினார். ஆசிரியன் ஒருவனுடைய கோபம் எத்தகையது என்பதை அவ்விரலின் முன் நின்று அறிந்தவரே இறைவனுடைய முனிவு அருள் என்று பின்னர் எழுதியவர். அவருடைய செய்யுளைப் பிரம்புக்கு உறையாக்குதல் தகுமா என்பதை ஆசிரியர்களே தீர்க்க.

அரசாங்கம் இவ்விடயத்திலே சொல்லியிருப்பதும் உண்டு. பாடசாலைகளிலே உடற்றண்டனை செய்யலாகாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்தமையால் மாணவன் ஒருவனுடைய செவி பழுதுற்ற வழக்கிலே, அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிக் கையை அடக்கியவர் நாவினாலே அடித்தலை யாம் அறிவோம். முறுக்கு உள்ளத்திலே இருக்கும்வரை அது வெளிப்படும் வாயில்கள் பல.

"கோபமேயின்றி வகுப்பை நடத்துதல் எங்ஙனம்? அநீதியைக் கண்டும் சினவாதவன் மரமல்லனோ?" என்று வினாவுவார்க்கு விடை கூறுதல் வேண்டும். இவ்வினா பழையது. சினக்கவேண்டியவர்மேல், சினக்கவேண்டிய காரணத்துக்காக, சினக்கவேண்டிய அளவிலே சினத்தல் புகழத்தக்கது என்றார் அரிஸ்தோத்தில். செனேக்கா அதனை உடன்படவில்லை. கோபம் அளவுக்கு அடங்கினால் அது கோபமன்று, வேறொரு பெயர் பெறும் என்றார். இவ்விடத்திலே யாம் செனேக்காவின் பக்கம் நிற்பேம். ஆங்கிலேயரும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கின்றனர்: "இண்டிக்னேஷன்". தகாதது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. தகாததைக் கண்டபோது எழுவது, செயலை நோக்குவது. எளிய பிள்ளையொருவனைப் பலர் கூடிப் பரிகசிக்கும்போது ஆசிரியர்க்கு அது எழாவிடின் அவர் அவ்விடத்துக்கு உரியரல்லர். அதற்கும் "றோத்" என்பதற்கும் வேறுபாடு காண ஒரு வழி உண்டு. நாளைவரை பொறுக்குமா என்று பார்க்க. தகாததைப் பற்றிய உணர்ச்சி நாளையும் அதே அளவில் நிற்கும். முறுக்கு ஓர் இரவிலே தளர்ந்துவிடும். தளராவிடின் கறுவு ஆகிவிட்டதென்க.

பிளேற்றோ தம் அடிமையை அடிக்கக் கை ஓங்கியவர், தாம் கோபத்தில் இருப்பதை உணர்ந்து, ஓங்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றாராம். வந்த நண்பர் ஒருவர் என்ன செய்கின்றீர் என்று கேட்க, கோபக்காரன் ஒருவனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். செனேக்கா இதனை மெச்சி எழுதுகின்றார். ஆனால், பின்னர்த் தமக்குக் கோபமாதலின் நீரே இவனை அடியும் என்று ஒருவரிடம் பிளேற்றோ ஒப்புவித்ததாகவும் அவரே எழுதுகின்றார். அடிமை தப்பினானல்லன். அதனை மெச்சுதற்கு எமக்கு மனம் இல்லை. ஓங்கிய இடத்திலே நின்ற மணிக்கட்டை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

ஆசிரியரது இலக்கணத்தை நன்னூலார் பொதுப்பாயிரத்திலே வகுத்தபோது, நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். நிறைகோல் ஒரு பக்கமும் கோடாதது. ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு, அஃதாவது வளைந்த தென்னை. ஒருவன் வளவிலே வேரூன்றி நீருண்டு, அயலவன் வளவிலே காயை வீழ்த்துவது அது. வீட்டிலே முளைத்த கோபத்தை வகுப்பிலே பிள்ளையின் தலைமேல் வீழ்த்தும் ஆசிரியர்க்கும் அவ்வுவமை பொருந்துதல் காண்க. கல்வி கற்பிக்கத் தகாத மாணாக்கரை எண்ணும்போது சினத்தன், அஃதாவது கோபக்காரன், என்று வெளிப்படையாகவே சேர்த்த அவர், தகாத ஆசிரியரை எண்ணும்போது அச்சொல்லை இட்டிலர். மறந்தாரென்று கொள்ளல் பொருந்தாது. மாணாக்கனாகவே புகவொட்டாது நிறுத்தப்பட்டவனை ஆசிரியர் வரிசையிலே மீளத் தேடிக் கடியவேண்டிய தேவை அவர்க்கு இருந்ததில்லைப் போலும்.